எண்ணூற்றுப் பதினான்கு பங்காளிகள்

ஒரு தெருவில் ஒருவருக்குக் கை நடுங்குகிறது என்றால் அந்தச் செய்தி பரவுவதற்கென்று ஒரு முறை உண்டு. எதிர்வீடு முதலில் பார்க்கும். ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று மாடிவீட்டிடம் சொல்லும். மாடிவீடு அதே நிபந்தனையோடு மருந்துக்கடையில் இறக்கும். மூன்றாம் நாள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்; ஆனாலும் சம்பந்தப்பட்டவர் எதிரே வந்தால் எல்லாரும் மழை வருமா வராதா என்றுதான் பேசுவார்கள். வம்பு என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். வம்புக்கும் ஒரு கூச்சம் இருந்தது. அதைவிட முக்கியம், நடுங்குவது யாருடைய கை என்பதில் தெரு ஒருநாளும் தப்புப் பண்ணியதில்லை.

‘அண்டை’க்கு அந்தக் கூச்சமும் கிடையாது, அந்தத் துல்லியமும் கிடையாது.

அண்டை என்பது ஒரு கைப்பேசிச் செயலி. எந்தக் கடை எந்த மூலையில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும், கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவாரா என்பதையெல்லாம் படம் போட்டுச் சொல்லும். தெருவில் பல் விளக்காமல் காப்பி குடிக்கிறவர்கள் உண்டு, அண்டை பார்க்காமல் குடிக்கிறவர்கள் இல்லை. ஒவ்வொரு கடையின் பெயருக்கும் கீழே சாம்பல் நிறத்தில் அது ஒரு வரி எழுதி வைக்கும்: ‘இந்த இடத்தோடு தொடர்புடையவை.’ பேக்கரிக்குக் கீழே ‘பிறந்தநாள்’ என்று இருக்கும். பூட்டுக்கடைக்குக் கீழே ‘தொலைந்த சாவி’ என்று இருக்கும். பஞ்சுக்கையின் சலூனுக்குக் கீழே ஒருநாள் காலையில் ‘கை நடுக்கம்’ என்று வந்து உட்கார்ந்தது.

பஞ்சுக்கை என்பது பட்டப்பெயர். கத்தி கழுத்தில் இறங்குவதே தெரியாமல் பஞ்சு ஒற்றுகிற மாதிரி சவரம் செய்வார் என்பதால் பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு யாரோ வைத்தது. அவருடைய சொந்தப் பெயர் இப்போது வாக்காளர் பட்டியலுக்கு மட்டும்தான் ஞாபகம். கையை நீட்டி அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் தண்ணீர் தூங்கிவிடும், அப்படிப்பட்ட கை.

நடுங்கியது அவர் அக்காவின் கை. அந்த அம்மாள் முப்பது வருஷம் ஒரு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். தம்பி வீட்டிலேயே பின்னறையில் இருக்கிறார். சில மாதங்களாக விரல்கள் தாமாகவே ஏதோ கடிதம் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு காலையில் காப்பி, கோப்பையிலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து புடவைக்கும் போய்ச் சேர்ந்தது. பஞ்சுக்கை சலூனில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கைப்பேசியிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். கை நடுக்கம் ஏன் வருகிறது? அதற்கு யாரைப் பார்க்க வேண்டும்? அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். கேட்டவர் சலூன்காரர், கேட்ட இடம் சலூன், கேட்டது நடுக்கம். அண்டை மூன்றையும் முடிச்சுப் போட்டுக் கடை வாசலில் தொங்கவிட்டது.

அவருக்கு இது உடனே தெரியவில்லை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஒருநாள் விட்டு ஒருநாள் அவரிடம்தான் முகம் வழிக்க வருவார். அவர் திடீரென்று தாடி வளர்க்கப் போவதாகச் சொன்னார். இந்த வயதில் ஒரு மாற்றம் வேண்டுமாம். அதே வாரத்தில் மருந்துக்கடைக்காரருக்கும் மாற்றம் தேவைப்பட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் தெருவே ஞானிகள் மடம் மாதிரி ஆகிவிட்டது. முடி வெட்ட வந்தவர்களும் கிருதா பக்கம் கத்தி வரும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். தாடி ஃபேஷன் வந்துவிட்டது போலிருக்கிறது என்று பஞ்சுக்கை வீட்டில் போய்ச் சொன்னார்.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்டரில் வேலை பார்க்கிறவர். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லி, அதில் பாதிப் பேருக்குப் பதில் சொல்லாமலே அனுப்பிப் பழகியவர். ஃபேஷன் என்ற பேச்சை நம்பவில்லை. கைப்பேசியை எடுத்தார், பார்த்தார், கணவர் முன்னால் வைத்தார்.

உண்மையான இடி வியாழக்கிழமை விழுந்தது. வியாழன்தோறும் பஞ்சுக்கை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஆண்களுக்கு, வெட்டப்போகிற இடத்தில் மயிர் நீக்கிக் கொடுப்பது அவர் வேலை. பதினோரு வருஷமாக ஒரு கீறல் இல்லை. அதைச் சலூனைவிடப் பெரிதாக நினைத்திருந்தார். பயந்துபோய்ப் படுத்திருப்பவனுக்கு அன்றைக்குக் கிடைக்கும் ஒரே சுகம் தன் கைதான் என்று மனைவியிடம் மட்டும் பெருமை அடித்துக்கொள்வார். அன்றைக்கு வார்டு மேட்ரன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எனக்கு உங்க கை தெரியும். ஆனா படுத்திருக்கிறவன் கையில போன் இருக்கே. அதைப் பார்க்கிறான், அப்புறம் உங்க கத்தியைப் பார்க்கிறான், பிரஷர் ஏறிடுது. முப்பதாம் தேதி உங்க உத்தரவைப் புதுப்பிக்கணும். அதுக்குள்ள அந்த வரியை எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கச் சொல்லி மேல சொல்லியாச்சு.”

அன்று தேதி ஒன்பது. ஒரு வரியை எடுக்க இருபத்தொரு நாள் எதற்கு என்று பஞ்சுக்கை மனதுக்குள் சிரித்துக்கொண்டார். பாவம்.

ஞாயிறு மதியம் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்டையில் ‘தனியுரிமை, உங்கள் கையில்!’ என்று ஒரு பக்கம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் அது ‘அமைப்புகள்’ என்பதில் இல்லை, ‘பாதுகாப்பு’ என்பதில் இல்லை, ‘அலங்காரம்’ என்பதற்குள் எழுத்தின் அளவுக்கும் பின்னணி நிறத்துக்கும் நடுவில் இருந்தது. உள்ளே போனால் திரையின் பாதியை அடைத்துக்கொண்டு பச்சை நிறத்தில் ‘எல்லாம் ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான். அதற்குக் கீழே, எறும்பு நடந்துபோன தடம் மாதிரி, ‘விருப்பங்களை ஆராய்க.’

ஆராய்ந்தார்கள். தகவல்களை நான்கு வகையாகப் பிரித்திருந்தார்கள். கட்டாயம் தேவையானவை, தேவையானவை, தேவைப்படலாம் என்று நாங்கள் நினைப்பவை, நியாயமான ஆர்வம்.

அந்த நான்காவதில் மனைவி நின்றுவிட்டார். “நியாயமான ஆர்வம்னா என்னங்க? எதிர்வீட்டம்மா நம்ம ஜன்னலைப் பார்த்துட்டே துணி காயப்போடுவாங்களே, அதுவா?”

அதுதான். ஆனால் எதிர்வீட்டம்மா ஒருத்தர். இங்கே ‘எங்கள் பங்காளிகள்’ என்ற தலைப்பில் எண்ணூற்றுப் பதினான்கு கம்பெனிகள் வரிசையாக நின்றன. காற்றாடி விற்கிறவன், கடன் கொடுக்கிறவன், சவப்பெட்டி செய்கிறவன், இன்ன தொழில் என்று சொல்லாமல் வெறும் மூன்றெழுத்தோடு நிற்கிறவன். ஒவ்வொருத்தனுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான், எல்லாம் ஏற்கெனவே திறந்த நிலையில். பங்காளி என்றால் சொத்துக்கு வருவான் என்று பஞ்சுக்கைக்குத் தெரியும். இவர்கள் நோய்க்கும் பங்குக்கு வந்திருந்தார்கள், அதுவும் இல்லாத நோய்க்கு.

ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறை அணைத்ததும் ஒரு சோகமுகப் பொம்மை வந்து ‘நிச்சயமாகவா? இவர் உங்களை நினைத்து ஏங்குவார்’ என்றது. அதற்கு ‘நிச்சயம்’ என்று அழுத்தினால் பட்டியல் முதல் பெயருக்கே திரும்பிப் போனது. விட்ட இடத்தை விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். மனைவி காகிதத்தில் எண் போட்டுக்கொண்டார். பஞ்சுக்கை இருநூறு அணைத்தார். மனைவி முந்நூற்றைம்பது. சாயங்காலம் ஆகி இருவருக்கும் கட்டைவிரல் மரத்துப்போனபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த அக்கா கையை நீட்டினார்.

“என்னாலதானே இவ்வளவும். குடுடா, மீதியை நான் பண்றேன்.”

“வேணாம் அண்ணி, நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றார் மனைவி.

“முப்பது வருஷம் விரலாலயே சோறு தின்னவ நான். இந்தப் பொத்தானுக்குப் பயந்துடுவேனா?”

கொடுத்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறுபது பேரை அணைத்தார், நிதானமாக, ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு. அறுபத்தோராவது ஆளுக்கு வந்தபோது பச்சைப் பொத்தான் திரைக்குள் மிதந்து வந்து, விரல் எங்கே இறங்கப்போகிறதோ அங்கே போய் நின்றது. அது அப்படி நகரும்படிதான் செய்திருந்தார்கள். விரல் ஒரு தடவை ஆடியது.

‘எல்லாம் ஏற்றதற்கு நன்றி!’ என்று திரையில் காகிதப்பூ கொட்டியது.

அக்கா கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். பஞ்சுக்கை போய்க் காப்பி போட்டார். அவர் பொதுவாக அடுப்பங்கரைப் பக்கம் போகிறவர் இல்லை.

மறுநாள் மனைவி, உதவிப் பக்கத்தில் ‘தோழி’ என்று ஒருத்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். தோழி ஆள் இல்லை, இயந்திரம். ஆனாலும் வாய்க்கு வாய் ‘செல்லம்’ போட்டுப் பேசினாள். அவர் கை நடுங்கவில்லை என்று மனைவி எழுதினார். கை நடுக்கத்துக்கு வருந்துவதாகத் தோழி எழுதினாள். நடுங்கவில்லை என்று பெரிய எழுத்தில் எழுதினார். கை நடுக்கத்தைப் பற்றி இவ்வளவு அடிக்கடி பேசுவதால் அந்தத் தொடர்பு இன்னும் உறுதிப்படுத்தப்பட்டிருக்கிறது என்று தோழி பதில் போட்டாள். விசாரணைக் கவுன்டரில் இத்தனை வருஷம் இருந்தும் தனக்கு இப்படி ஒரு பதில் தோன்றவில்லையே என்று மனைவிக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

கடைசியில் தோழி ஒரு வழி சொன்னாள். தொடர்பு தவறு என்று அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேர் ஆதரவு தெரிவித்தால் கோரிக்கை மேலே போகும். சரி என்று ஒப்புக்கொண்டதுதான் தாமதம், தெருவிலிருந்த அத்தனை கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் கூவின. ‘உங்கள் அண்டை வீட்டார் தன் கை நடுக்கத்தை இரகசியமாக வைக்க விரும்புகிறார். ஆதரிக்கிறீர்களா?’

அதுவரை தெரியாமல் இருந்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் காது கேளாதவர், இன்னொருவர் வெளியூர் போயிருந்தவர். அவர்களுக்கும் தெரிந்தது. ஆதரவு மட்டும் பதினேழு வந்தது, தெரு ஈரமில்லாத தெரு இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஆதரவோடு ஒரு காரணமும் எழுத வேண்டும் என்றிருந்ததால், ‘பாவம், நடுங்கினாலும் நல்ல மனிதர்’ என்ற பாணியில் பதினேழு காரணங்கள் அந்தச் சாம்பல் வரிக்குக் கீழே தோரணம் கட்டின. தாடிக்காரக் கோர்ட் குமாஸ்தா சட்ட நுணுக்கத்தோடு எழுதியிருந்தார்: நடுக்கம் இருப்பின் அதை மறைப்பது அவரது உரிமை, எனக்கு நேரில் தெரியாது, நான் தாடி வைத்திருக்கிறேன்.

தேதி இருபத்துமூன்று ஆகிவிட்டது. அன்றும் வியாழன். ஆஸ்பத்திரி வேலையை முடித்துக்கொண்டு, கத்திப்பையோடு நேராக அண்டையின் அலுவலகத்துக்கே போய்விட்டார் பஞ்சுக்கை.

அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. கழிப்பறைக் கதவுகூட இடுப்புவரை கண்ணாடி. ‘தனியுரிமை வசதி மையம்’ மூன்றாவது மாடியில் இருந்தது. நுழைவாயிலில் ஒரு இயந்திரம் முகத்தைப் படம் எடுக்க, குரலைப் பதிய, கைப்பேசியில் இருக்கும் எண்களையெல்லாம் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டது. வேறு வழி இருக்கிறதா என்று காவலாளியிடம் கேட்டார். வீட்டுக்குப் போகும் வழி இருக்கிறது என்றார் காவலாளி. ஒப்புக்கொண்டார். பையில் இருந்த கத்தியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இயந்திரம் ஒரு ஒட்டுச்சீட்டைத் துப்பியது, அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். அதில் அவர் பெயர் பொடி எழுத்திலும், ‘வருகையின் காரணம்: கை நடுக்கம்’ என்பது கட்டை எழுத்திலும் இருந்தது. லிஃப்ட்டில் நின்ற ஒரு பெண் தன் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒதுங்கினாள், ஏதோ அவர் நடுங்கினால் அவள் கோப்பை சிந்திவிடும் என்பது போல.

அங்கே அவரை வரவேற்றவர் எளிமை அதிகாரி. அதுதான் பதவியின் பெயர். முப்பது வயது இருக்கும், இரண்டு நாள் சவரம் பாக்கி, இனிமையான குரல். மேசைக்குப் பின்னால் ஒரு கேடயம்: ‘இந்த ஆண்டின் மிக எளிமையான தனியுரிமைப் பக்கம்.’ வழங்கியவர்கள், பங்காளிகள் சங்கம்.

பஞ்சுக்கை நடந்ததையெல்லாம் சொன்னார். அதிகாரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். சொல்லி முடித்ததும், இதைக் கேட்க மிகவும் சந்தோஷமாக இருக்கிறது என்றார்.

“நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதே இல்லைங்க. வேண்டாம்னு சொல்ற உரிமை எல்லாருக்கும் உண்டு. அவங்களுக்கு அது நிஜமாவே வேணுமான்னு மட்டும் பார்க்கிறோம். நூறு பேர் அணைக்கணும்னு உள்ள வராங்க. நாலாம் பக்கத்துல அறுபது பேரு திருப்தியாகித் திரும்பிடறாங்க. ஒன்பதாம் பக்கத்துல இன்னும் முப்பத்தெட்டு பேரு. ஆக, தொண்ணூத்தெட்டு சதவீதம் திருப்தி. உலகத்துல எந்தப் பக்கத்துக்கும் இது கிடையாது.”

“மீதி ரெண்டு பேரு?”

“அவங்க எங்க வடிவமைப்புல இருக்கிற குறை. சரி பண்ணிட்டிருக்கோம்.”

பொத்தான் விரலைத் தேடி வந்து நின்றதைப் பற்றி பஞ்சுக்கை கேட்டார். முதியவர்களுக்குப் பொத்தானைத் தேடும் சிரமம் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் பொத்தானே அவர்களைத் தேடிப் போகிறது என்றார் அதிகாரி. அதற்குத் தனியாக ஒரு கேடயம் கிடைத்ததாம். வேண்டாம் என்கிற பொத்தான் ஏன் தேடி வருவதில்லை என்று கேட்டதற்கு, அது கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அழுத்துகிற பொத்தான், துரத்திக்கொண்டு வந்தால் சங்கடப்படுவார்கள் என்றார். முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லை.

கோரிக்கையைப் பதிவு செய்ய ஒரு கையெழுத்து வேண்டும் என்று ஒரு கண்ணாடிப் பலகையை நீட்டினார். விரலால் எழுத வேண்டும். பஞ்சுக்கை எழுதினார். கண்ணாடி வழுக்கியது, கோடு ஒரு பக்கம் போக, விரல் ஒரு பக்கம் போக, கோழி கிளறிய மண் மாதிரி ஏதோ விழுந்தது. பலகை இரண்டு வினாடி யோசித்தது. பிறகு எழுதியது: ‘கோடுகளில் நடுக்கம் காணப்படுகிறது. தொடர்பு உறுதி.’

அதிகாரி மிருதுவாக இருமினார். தாங்கள் இதைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்லப்போவதில்லை என்றார்.

பஞ்சுக்கை கோபப்படத் தெரியாத மனிதர். தொழிலில் அது ஆகாது. பலகையை அதிகாரி பக்கம் திருப்பி, நீங்கள் ஒரு கையெழுத்துப் போடுங்கள் பார்ப்போம் என்றார். அதிகாரி போட்டார். அது இன்னும் மோசம். பலகை ஒன்றும் சொல்லவில்லை.

“இதுக்கு ஏன் ஒண்ணும் வரலை?”

“நான் ஊழியர் இல்லையா. எங்க யாரைப் பத்தியும் அது எடுத்துக்காது. வேலைக்குச் சேர்ற அன்னைக்கே எல்லாத்தையும் அணைச்சுடுவாங்க.”

“எண்ணூத்திப் பதினாலையுமா?”

“ஒரே பொத்தான்தாங்க. ஆபீஸ் ரூம்ல இருக்கு.” சொல்லிவிட்டு அதிகாரி தன் விளக்கத்தின் எளிமையை ரசிப்பது போலக் கொஞ்சம் நிறுத்தினார். “அதை வெளியில குடுத்தா மக்கள் தேர்வு செய்யற அனுபவத்தை இழந்துடுவாங்க.”

பஞ்சுக்கை பையைத் திறந்தார். துண்டை உதறினார், கிண்ணத்தை வைத்தார், கத்தியை எடுத்து மேசையில் துணி மேல் கிடத்தினார். பத்தே நிமிஷம் என்றார். உங்கள் முகத்தில் இரண்டு நாள் முடி இருக்கிறது, என் கையில் கத்தி இருக்கிறது, ஒரு கீறல் விழுந்தால் அந்த வரியை நானே பெரிதாக எழுதிக் கடையில் மாட்டிக்கொள்கிறேன். விழாவிட்டால் நீங்கள் எடுத்துவிடுங்கள். இதைவிட எளிமையாக என்ன இருக்கிறது?

அதிகாரியின் கை அவரை அறியாமல் கழுத்துக்குப் போயிற்று. நாற்காலி சக்கரங்களோடு ஒரு அடி பின்னால் உருண்டது.

“தப்பா நினைக்காதீங்க. உங்க கை நடுங்குதுன்னு நாங்க எங்கயும் சொல்லவே இல்லை. தொடர்புடையதுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம்.”

“அப்ப உட்காரலாமே.”

“எனக்கு... சோப்பு ஒத்துக்காது” என்றார் எளிமை அதிகாரி.

கண்ணாடிச் சுவர்களுக்கு அந்தப்பக்கம் இருந்த நாற்பது ஊழியர்களும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழவழவென்று சிரைத்த முகங்கள் நிறைய இருந்தன. ஒருவரும் முன்வரவில்லை. பஞ்சுக்கை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார். வெளியே போகும்போது இயந்திரம் அவரது அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. நட்சத்திரம் கொடுத்தால்தான் கதவு திறக்கும். குறைந்தபட்சம் நான்கு.

இருபத்தெட்டாம் தேதி மாலை பதில் வந்தது. மனைவி சத்தமாகப் படித்தார். அவரது தனியுரிமைக் கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது. வாழ்த்துகள். இனி அவர் பெயர், கடையின் பெயர், படம், தொலைபேசி எண், திறக்கும் நேரம் எதுவும் யார் கண்ணுக்கும் தெரியாது. அக்கா பின்னறையிலிருந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரி போய்விட்டதா என்று கேட்டார்.

செயலியைத் திறந்து தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பேக்கரி இருந்தது, மருந்துக்கடை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பத்தொன்பது வருஷமாக இருந்த சலூன் இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்குக் கீழே ‘கை நடுக்கம்.’

தோழியிடம் கேட்டார்கள். பெயரும் படமும் உங்களுடையவை, அதனால் எடுத்துவிட்டோம் செல்லம், அந்த வரி இடத்துக்குச் சொந்தமானது என்றாள் தோழி. இடத்தின் ஒப்புதல் இல்லாமல் அதன் தகவலை அழிப்பது தங்கள் கொள்கைக்கு விரோதமாம். இடம் எப்படி ஒப்புதல் கொடுக்கும் என்று மனைவி கேட்டார். அதற்கு ‘விருப்பங்களை ஆராய்க’ என்று பதில் வந்தது.

முப்பதாம் தேதி, கெடுவுக்கு மதிப்புக் கொடுத்து, பஞ்சுக்கை ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஒரு பெண் அண்டையில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு சலூனே இல்லையே என்றாள். அவர் அவள் எதிரே நின்றுகொண்டிருந்தார். மேட்ரன் கூட வந்து, பதினோரு வருஷமாக இந்த ஆள்தான் என்று இரண்டு தடவை சொன்னார். கடை இல்லாதவருக்கு உத்தரவு அடிக்க இயந்திரம் மறுத்தது. அன்றைக்கு வார்டில் இருந்த எட்டுப் பேருக்கும் வேறு ஒருவர் வேலை செய்தார். பஞ்சுக்கை வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்துவிட்டு, கத்தியை அந்த ஆள் ரொம்பச் செங்குத்தாகப் பிடிக்கிறான் என்று மட்டும் மேட்ரனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வியாழன் பழக்கதோஷத்தில் விடியும்போதே எழுந்து பையைத் துடைத்தார். போக இடம் இல்லை. சலூனைத் திறந்து காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஒன்பது மணி இருக்கும். ஒரு பெண் தன் தகப்பனாரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கைப்பேசியைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டாள்.

டாக்டரா என்றார் பஞ்சுக்கை.

கை நடுக்கம் என்று போட்டிருக்கிறதே, இரண்டு பஸ் மாறி வந்தோம் என்றாள் அவள். தகப்பனார் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர், நெடிய மனிதர். வலது கை தொடையருகே தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுக்கையின் கண் அந்தக் கையில் நிற்கவில்லை, முகத்துக்குப் போயிற்று. தாடையில் ஆங்காங்கே தப்பித்த முடிக்கற்றைகள். மூன்று இடத்தில் வெட்டு, மூன்றிலும் கிழித்து ஒட்டிய காகிதத் துணுக்கு. தன் முகத்தைத் தானே வழிக்கப் பிடிவாதம் பிடிக்கிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது.

இங்கே டாக்டர் இல்லை என்று பஞ்சுக்கை உள்ளதைச் சொன்னார். ஊருக்குள் யாரைப் பார்க்கலாம் என்று அக்காவுக்காக விசாரித்து வைத்திருந்த முகவரியையும் எழுதிக் கொடுத்தார். பிறகு நாற்காலியைத் தட்டினார். “அதுக்கு முன்னாடி ஒரு சவரம் பண்ணிக்கிறீங்களா?”

பதினொன்றரைக்குள் இன்னும் நாலு பேர் புள்ளியைத் தேடி வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் இரண்டு பஸ், எல்லாருக்கும் ஏமாற்றம், எல்லார் முகத்திலும் காகிதத் துணுக்கு. யாரும் எழுந்து போகவில்லை. கோர்ட் குமாஸ்தா தாடியோடு அந்தப் பக்கமாகப் போனவர், பெஞ்சு நிறைந்திருப்பதைப் பார்த்து நடையை மெதுவாக்கினார். உள்ளே வர அவருக்கு இடமும் இல்லை, முகமும் இல்லை.

எஞ்சின் டிரைவர் தனக்கு அவசரமில்லை, முடியாதவர்கள் முதலில் போகட்டும் என்று இரண்டு பேரை முன்னால் விட்டிருந்தார். அவர் முறை வந்தது. சோப்பு நுரை தேய்த்து, ஒரு கன்னம் முடித்து, தலையைச் சாய்த்துத் தொண்டையில் கத்தி இறங்கிக்கொண்டிருந்தபோது அலமாரியில் இருந்த கைப்பேசி ஒளிர்ந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்ததால் படிக்காமல் இருக்க முடியவில்லை.

‘இந்த இடத்துக்கு வருகை இந்த வாரம் நான்கு மடங்கு! துல்லியமான தொடர்பே காரணம். உங்கள் வெற்றிக் கதையை எங்கள் எண்ணூற்று முப்பத்தொரு பங்காளிகளோடு பகிர்ந்துகொண்டோம்.’ அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள்: ‘மகிழ்ச்சி’, ‘பிறகு மகிழ்ச்சி.’

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பஞ்சுக்கையின் கை நடுங்கியது.

கோபம்தான். தோள்வழியாக மணிக்கட்டுக்கு வந்தது. கத்தியைச் சட்டென்று தோலிலிருந்து தூக்கிவிட்டார். ஆனால் தூக்கிய கத்தி காற்றில் நின்று ஆடியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின.

எஞ்சின் டிரைவர் கண்ணை மூடியபடியே இருந்தார். கத்தி போன விதத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“பிடிச்சு நிறுத்தப் பார்க்காதீங்க. ஜாஸ்தியாகும். கீழ வெச்சுட்டுச் சும்மா இருங்க, அதுவா அடங்கும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.”

பஞ்சுக்கை கத்தியைத் துணி மேல் வைத்தார். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். டிரைவர் தொண்டையை அண்ணாந்தபடியே வைத்திருந்தார், பாதி நுரையோடு. பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே சமயத்தில் தெருப்பக்கம் திரும்பி, அங்கே பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும், கை அடங்குகிற வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.